பழைய டெலி லென்ஸ் வாங்கப் போறீங்களா? பூண்டி மலைக்கு வந்து பார்த்தால் வண்டவாளம் தெரிஞ்சிடும்!

கொடைக்கானல்:

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனால் வரும் ஊர் பூண்டி. படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான வயல். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். அதுக்கு மேலே சோலைக்காடு. எந்நேரமும் வந்து போகும் மேகம். வார விடுமுறை வந்தால் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி இளைஞர் கூட்டம் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது.

பழனி மலையின் பெயரையே தாங்கிய பழனி சிரிப்பான் குருவி, நீலகிரி மரப்புறா, ஆரஞ்சும் கறுப்புமாய் இருக்கும் ஈப்பிடிப்பான் என்று படம் எடுக்க ஏகப்பட்ட ஐட்டம் உண்டு. காட்டெருமையும் உண்டு. செல்போனை நீட்டிக்கொண்டு காட்டெருமை பக்கத்தில் போய் முட்டு வாங்கியவர்கள் கதை கொடைக்கானலில் நிறைய. தூர நின்று எடுக்கணும் என்றால் டெலி லென்ஸ் வேணும். 300 மி.மீ., 400 மி.மீ., 600 மி.மீ. என்று நீளமான குழாய் மாதிரி இருக்குமே, அதுதான்.

புதுசு வாங்கினால் விலை மோட்டார் சைக்கிளைத் தாண்டுகிறது. அதனால் பெரும்பாலானவர்கள் செகண்ட் ஹேண்டு பக்கம் போகிறார்கள். அங்கேதான் வில்லங்கம். ஒரு வெள்ளாமை பூண்டு விற்ற காசையோ, ஆறு மாதம் கட்டிய சீட்டுப் பணத்தையோ கொண்டுபோய் கொடுத்துவிட்டு, மலைக்கு வந்து எடுத்துப் பார்த்தால் படம் எல்லாம் பஞ்சு மாதிரி வந்தால் எப்படி இருக்கும்?

இதில் தப்பிப்பது எப்படி? விவரம் வருமாறு:-

கேமரா மாறியது, லென்ஸ் மாட்டியது

2005-ல் கேனான் 5டி கேமரா வந்தபோது அதில் 12.8 மெகாபிக்சல். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். 2012-ல் நிக்கான் டி800 வந்து 36 மெகாபிக்சல் என்றது. 2015-ல் கேனான் 5டிஎஸ் ஆர் 50 மெகாபிக்சல். 2017-ல் நிக்கான் டி850 சுமார் 46. 2019-ல் சோனி ஏ7ஆர் 4 கேமரா 61 மெகாபிக்சல்.

சென்சார் அளவு அதே 36-க்கு 24 மி.மீ. தான். கட்டம்தான் பொடிசாகிக்கொண்டே போனது. பழைய 5டியில் ஒரு பிக்சல் கட்டத்தின் அகலம் 8.2 மைக்ரான். டி850-ல் 4.35 மைக்ரான். சோனியில் 3.76. சின்ன சென்சார் வைத்த கேனான் 90டியில் இன்னும் மோசம், 3.2 மைக்ரான்.

இதனால் என்ன ஆகும்? லென்சிலோ, கை நடுக்கத்திலோ 8 மைக்ரான் அளவுக்கு ஒரு கலங்கல் வந்தால் பழைய கேமராவில் அது ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கே தெரியாது. டி850-ல் அது 2 பிக்சலாகத் தெரியும். 90டியில் இரண்டரை பிக்சல். லென்ஸ் அதேதான், நேற்றைவிட இன்றைக்குக் கெட்டுப்போகவில்லை. பூதக்கண்ணாடி பெரிசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். "என் பழைய கேமராவில் சூப்பரா இருந்துச்சு" என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கி, புது கேமராவில் மாட்டி முழிப்பவர்கள் ஒரு ரகம். நல்ல லென்சையே 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, மொக்கை லென்ஸ்" என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் இன்னொரு ரகம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டி850 படத்தின் அகலம் 8,256 பிக்சல். 24 அங்குல சாதாரண புல் எச்.டி. மானிட்டரின் அகலம் 1,920 பிக்சல். 100 சதவீதத்தில் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது ஏழரை அடி அகல பேனரை ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். கட்சி பேனரையே யாரும் அவ்வளவு கிட்டே போய்ப் பார்ப்பதில்லை! எனவே ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு கேமரா படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கி வைத்து ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால், அதே லென்ஸ் அதிக மெகாபிக்சல் கேமராவில் கூடுதல் விவரத்தைத்தான் காட்டும். குறைவாகக் காட்டாது.

கடையில் நடக்கும் பேச்சு

செகண்ட் ஹேண்டு பேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, ஷார்ப்பா இருக்குமா?"

"என்ன தம்பி இப்படி கேட்டுட்ட? கத்தி மாதிரி இருக்கும். இதப் பாரு" என்று செல்போனில் ஒரு மீன்கொத்தி படம் வரும். இறகு இறகாகத் தெரியும். தம்பி மயங்கிவிடுவார்.

செல்போனில் வந்த படத்தை வைத்து எந்த லென்சையும் எடை போட முடியாது. வாட்ஸ்-அப்பில் அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. 46 மெகாபிக்சல் படத்தை 2 மெகாபிக்சலாகச் சுருக்கினால் கலங்கல் எல்லாம் உள்ளே மறைந்துபோகும். அதற்கு மேல் ஷார்ப்பனிங் வேறு போட்டிருப்பார்கள். பாட்டில் மூடியைக் கண்ணாடியாக மாட்டி எடுத்தாலும் அந்த அளவில் சுமாராகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டியது ஒரிஜினல் ரா பைல். "மெமரி கார்டுல இருக்கிற அப்படியே வேணும்ணே" என்று கேளுங்கள். அதில் எந்தத் தேதி, எந்த லென்ஸ், எத்தனை மி.மீ., எந்த அப்பர்ச்சர், எந்த ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும். ரா பைல் தர மறுத்தால் அந்த இடத்தைவிட்டு நடையைக் கட்டுவது நல்லது. இது நம்ம அபிப்பிராயம்.

முதலில் டார்ச் லைட்

ஷார்ப்னஸ் பார்ப்பதற்கு முன்னால் டார்ச் அடிக்க வேண்டும். லென்சின் இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து வைத்து, பின்பக்கம் இருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ, வேர் விட்ட மாதிரியோ தெரிந்தால் அது பங்கஸ். கொடைக்கானல் மாதிரி ஈரம் அதிகமான ஊரில் அலமாரிக்குள் பூட்டி வைத்த லென்சுக்கு இந்த வியாதி சகஜம். கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். சர்வீஸ் செய்தாலும் தடம் நிற்கும்.

உள்ளே கண்ணாடி மேல் மூச்சு விட்டது போல பனிமூட்டமாகத் தெரிந்தால் அதுவும் ஆகாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளுத்துப்போகும்.

நாலு தூசி கிடந்தால் பயப்படாதீர்கள். படத்தில் தெரியாது. கேனானின் 1998-ம் வருட 100-400 லென்ஸ், முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுகிற மாடல், தூசியை உறிஞ்சுகிற பம்பு என்று கேலிப்பெயரே வாங்கியது. அப்படியும் அதில் நல்ல படம் எடுத்தவர்கள் ஏராளம். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தாலும் பாதகமில்லை. பின் கண்ணாடியில் கீறல் என்றால் யோசிக்கணும்.

பில்டர் மாட்டும் வளையத்தில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்த லென்சில் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை விலகியிருந்தால் போதும், படத்தின் ஒரு பக்கம் மட்டும் கலங்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே சொல்லும் சோதனை.

நாலு பேப்பர், ஒரு கயிறு

பெரிய லேப் எல்லாம் தேவையில்லை. பழைய நியூஸ் பேப்பர் போதும். பேப்பரை விரித்து, 4 தாளை மேலே ரெண்டு, கீழே ரெண்டு என்று சுவரில் ஒட்டுங்கள். 400 மி.மீ. லென்சை முழு சென்சார் கேமராவில் மாட்டி 15 மீட்டர் தள்ளி நின்றால், சுமார் 1.35 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். நாலு தாளும் படத்தை நிரப்பிவிடும். கடைக்குள் 15 மீட்டர் கிடைக்காது. தெருவுக்கு வரச் சொல்லுங்கள். "எதுக்குத் தம்பி இவ்ளோ ஆராய்ச்சி?" என்பார்கள். காசு உங்களுடையது.

முக்காலியில் கேமராவை வையுங்கள். லென்சுக்கு முன்னால் இருக்கும் யு.வி. பில்டரைக் கழற்றிவிடுங்கள். மலிவு பில்டர் ஒன்றே டெலி லென்சின் ஷார்ப்னஸை நாசமாக்கிவிடும். லென்ஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு பில்டர் தப்பித்த கதை ஏராளம். முக்காலியில் இருக்கும்போது நடுக்கம் தடுக்கும் ஸ்விட்சை ஆப் செய்யுங்கள்.

கேமராவும் சுவரும் நேருக்கு நேராக இருக்கணும். இதுக்குத்தான் கயிறு. லென்சில் இருந்து பேப்பரின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டுக்கும் கயிறு பிடித்துப் பாருங்கள். நீளம் சமமாக வரவேண்டும்.

பின்திரையில் லைவ் வியூ போட்டு, 10 மடங்கு பெரிதாக்கி, கையாலேயே போகஸ் வையுங்கள். ஆட்டோ போகஸ் வேண்டாம். ஏன் என்றால் நாம் இப்போது பார்ப்பது கண்ணாடியின் தரத்தை. ஆட்டோ போகஸ் தப்பினால் அது வேறு கேஸ். இரண்டையும் குழப்பினால் தீர்ப்பு தப்பாகிவிடும்.

ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 வினாடி டைமர் வைத்து எடுங்கள். கண்ணாடி உள்ள பழைய ரக கேமரா என்றால் மிரர் லாக் போடுங்கள். லென்சின் அகலமான அப்பர்ச்சரில் ஒன்று, எப் 8-ல் ஒன்று. ஜூம் லென்ஸ் என்றால் ஆரம்பம், நடு, கடைசி மூன்றிலும் எடுக்க வேண்டும். டெலி ஜூம் வாங்குகிறவன் பாதிக்கு மேல் கடைசி மி.மீ.யில்தான் எடுக்கப்போகிறான். அதனால் கடைசிக்குத்தான் மார்க் அதிகம்.

எப் 8-ல் நன்றாக இருந்து, முழுக்கத் திறந்த அப்பர்ச்சரில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் அது சாதாரணம். பெரும்பாலான ஜூம் அப்படித்தான். எப் 16-ல் வைத்து எடுத்து "மங்கலா இருக்கே" என்று கேட்கக்கூடாது. அங்கே ஒளி வளைந்து பரவும் குணத்தாலேயே ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும். 4 மைக்ரான் பிக்சலுக்கு எந்தக் கம்பெனி லென்சும் தப்ப முடியாது. எப் 8-ல் இந்த வட்டம் 11 மைக்ரான்கூட இல்லை.

ஒரு பக்கம் மட்டும் கலங்கினால்...

இதுதான் முக்கியமான கட்டம். நடுவில் எழுத்து பளிச். இடது மூலை பளிச். வலது மூலை மட்டும் கலங்கல். உடனே "லென்ஸ் அவுட்" என்று சொல்லிவிடாதீர்கள். சுவர் சாய்வாக இருந்திருக்கலாம்.

கேமராவை அசைக்காமல், வலது மூலையைப் பெரிதாக்கி, அங்கேயே போகஸ் வைத்து இன்னொரு படம் எடுங்கள். அப்போது வலது மூலை பளிச் ஆகிவிட்டால் அந்த மூலைக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. சுவர் கோணம் தவறு, அல்லது லென்ஸ் கொஞ்சம் சாய்வாகப் பார்க்கிறது. பறவை படத்துக்கு அது பெரிய குறை இல்லை. எப்படி போகஸ் வைத்தாலும் அந்த மூலை தெளியவே இல்லை என்றால், உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. வாங்காதீர்கள்.

சந்தேகம் தீரணும் என்றால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம். கலங்கல் சுவரில் அதே இடத்தில் நின்றால் குற்றவாளி சுவர். படத்தோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குற்றவாளி லென்ஸ்.

இந்த சோதனையில் ஏன் இவ்வளவு கறார் என்றால், டெலி லென்சின் போகஸ் ஆழம் அவ்வளவு மெல்லிசு. 400 மி.மீ., எப் 5.6, 10 மீட்டர் தூரம். பழைய புத்தகக் கணக்குப்படி 20 செ.மீ. ஆழம் வரும். டி850 படத்தை 100 சதவீதத்தில் பார்க்கும் கண்ணுக்கு அது வெறும் 6 செ.மீ. தான். குருவியின் அலகில் போகஸ் விழுந்தால் வாலைப் பற்றிப் பேச முடியாது.

1850-ல் வாங்கிய தொலைநோக்கி!

பழசு என்றாலே ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி இருக்கிறது. பாரீசைச் சேர்ந்த லெரபூர் - செக்ரெத்தான் நிறுவனம் செய்தது. சென்னை வானாய்வகத்துக்காக 1850-ல் வாங்கப்பட்டது. 1898-ல் சூரியனைப் போட்டோ எடுக்கும்படி மாற்றி அமைத்தார்கள். 1899-ல் நிலையம் மலைக்கு வந்தது. 1904 முதல் இங்கே தினமும் சூரியனைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய கண்ணாடித் தட்டுப் படங்களைப் பின்னாளில் 4,096-க்கு 4,096 பிக்சல் டிஜிட்டல் கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள். சூரியப் புள்ளிகளை இன்றைக்கும் அதை வைத்து ஆராய்கிறார்கள்.

செகண்ட் ஹேண்டு டெலி லென்ஸ்தான், ஒரு வகையில். ஒழுங்காகப் பராமரித்தால் கண்ணாடிக்கு வயசு கிடையாது. கெட்டுப்போவது மோட்டார், சர்க்யூட், நடுக்கம் தடுக்கும் பாகம். சில பழைய மாடல்களுக்கு கம்பெனியே உதிரி பாகம் தருவதை நிறுத்திவிட்டது. வாங்குவதற்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வருதா?" என்று கேட்டுவிடுங்கள்.

பூண்டி காற்று செய்யும் வேலை

சுவரில் பாஸ் ஆன லென்ஸ் மலையில் பெயில் ஆவதும் உண்டு. அதற்கு லென்ஸ் பொறுப்பு இல்லை.

பூண்டியில் ஒரு மேட்டில் நின்று எதிர் மலைச் சரிவில் மேயும் காட்டெருமையை எடுக்கிறீர்கள். நடுவில் அரை கிலோ மீட்டர் காற்று. வெயில் ஏறியதும் உழுத மண்ணும், தகரக் கூரையும் சூடாகி, காற்று கொதித்து அலையடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 600 மி.மீ. லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு படம் சுமார், அடுத்த படம் மோசம், அதற்கடுத்தது பரவாயில்லை என்று மாறி மாறி வந்தால் காற்றின் வேலை. எல்லாப் படமும் ஒரே மாதிரி கலங்கினால்தான் லென்சையோ போகசையோ சந்தேகப்படணும். காலை வெயில் ஏறுமுன் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மேகம் நடுவில் வந்தால் எந்த லென்சும் பஞ்சுதான். 20 மீட்டருக்குள் இருக்கும் குருவியை எடுத்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஜீப்புக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எடுப்பவர்களுக்கும் இதே கதை. உள்ளே கதகதப்பு, வெளியே குளிர். ஜன்னலில் இரண்டு காற்றும் கலக்கிற இடத்தில் படம் நெளியும். அறையில் இருந்து எடுத்த லென்சைக் குளிரில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அப்புறம் எடுங்கள். திரும்பி அறைக்குள் வரும்போது பைக்குள் மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வேர்த்துவிடும். அந்த ஈரம்தான் பங்கசுக்கு விதை. மேல்மலையில் தங்குபவர்கள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவில் லென்சை வைப்பது அவசியம்.

கை ஆடினால் லென்ஸ் என்ன செய்யும்?

400 மி.மீ. என்றால் 400-ல் ஒரு பங்கு வினாடி ஷட்டர் போதும் என்பது பிலிம் காலத்துச் சொல். 46 மெகாபிக்சலுக்கு அது பத்தாது. குறைந்தது 800-ல் ஒரு பங்கு, முடிந்தால் 1,000-க்கு மேல். குருவி துள்ளினால் 1,600, 2,000 தேவைப்படும். சோலைக்குள் வெளிச்சம் கிடையாது, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத்தான் வேண்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. நடுக்கம் தடுக்கும் ஸ்விட்ச் உங்கள் கையைத்தான் கட்டுப்படுத்தும். குருவியை உட்கார வைக்காது.

ஆட்டோ போகசையும் தனியாகச் சோதிக்க வேண்டும். முக்காலியில் அதே பேப்பரை ஆட்டோ போகசில் 10 தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் போகசைக் கலைத்துவிட்டு எடுக்கணும். பத்தும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ தள்ளி விழுந்தால் கவலை வேண்டாம். கண்ணாடி உள்ள நல்ல ரக கேமராக்களில் மெனுவில் திருத்தும் வசதி இருக்கிறது. மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே போகஸ் பார்ப்பதால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. பத்தும் பத்து விதமாக விழுந்தால் மோட்டார் தள்ளாடுகிறது. விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

"1.4 கன்வெர்ட்டர் சும்மாவே தர்றேன் தம்பி, 400 வந்து 560 ஆயிடும்" என்று ஆசை காட்டினால் கூடவே ஒரு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். 2 மடங்கு கன்வெர்ட்டர் என்றால் 2 ஸ்டாப் போச்சு. லென்சின் குறையையும் அதே அளவு பெரிதாக்கும். அதை மாட்டி ஒரு சோதனை, மாட்டாமல் ஒரு சோதனை.

பில் கேளுங்க

கடைசியாக, லென்சின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில் இல்லாத லென்ஸ் திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவரும். வெளிநாட்டில் இருந்து பையில் வந்த சரக்காக இருந்தால் இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம். பணம் கொடுக்கும்போது, 3 நாள் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 3 நாளில் ஒரு நாள் விடியற்காலை பூண்டிப் பக்கம் வந்தால் போதும். பனி விலகி வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும்.